நிறுத்தத் தெரிந்த சார்ஜர் எது?

பெங்களூரு அடுக்குமாடிகளின் பேஸ்மென்டில் திங்கட்கிழமை காலையில் சகஜமாகக் கேட்கிற சத்தம் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் டக், டக், டக். செல்ஃப் எடுக்காது. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை என்றிருக்கும் வீடுகளில் பேட்டரி டவுன் ஆவது அதிசயமில்லை. சும்மா நிற்கும் கார்கூட அலாரத்துக்கும் சென்ட்ரல் லாக்குக்கும் 30 மில்லிஆம்ப் அளவில் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஏஹெச் (ஆம்ப்-அவர், அதாவது ஒரு ஆம்ப் வீதம் ஒரு மணி நேரம் ஓடுகிற கரண்ட்), மாதத்துக்குச் சுமார் 22. சின்னக் காரின் 40 ஏஹெச் பேட்டரியில் பாதி காலி. வண்டி நிற்கும்போதும் ஓடுகிற டேஷ்கேமரா கால் ஆம்ப் இழுத்தால் ஒரே நாளில் 6 ஏஹெச் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அல்சூரிலிருந்து சிவாஜிநகர் வரை, ஏசியைப் போட்டுக்கொண்டு சிக்னல் சிக்னலாக நின்று போய் வருகிற ஓட்டம் இதைத் திருப்பித் தராது. ஐட்லிங்கில், இன்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் தருவது ஏசிக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்குமே சரியாகப் போகும். ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் வண்டி கிளம்பும். ஆனால் பேட்டரி நிரம்பியிருக்காது.

ஆக, சார்ஜர் வேண்டும். எது? எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எடை பார்த்து வாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரா, கையடக்கமான தானியங்கி சார்ஜரா, பேட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடுவதா, வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கும் சேர்த்துப் பெரியதாக ஒன்று வாங்குவதா? (இன்வெர்ட்டரைத்தான் இந்த ஊரில் யுபிஎஸ் என்கிறோம்.) கடைக்காரர் முதலில் கேட்பது, ‘எத்தனை ஆம்ப் வேணும்?’ கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சார்ஜர் எப்படி நிறுத்தும்?

கடைசி இரண்டு மணி நேரம்

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் ஆறு செல். காலியான பேட்டரி முதலில் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அப்போது எந்தச் சார்ஜரும் நல்ல சார்ஜர்தான். செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது கதை மாறும். பேட்டரி காலியாகும்போது தட்டுகளில் படிந்த லெட் சல்பேட்டில் இனி மாற்ற வேண்டியது குறைவு. மிஞ்சிய கரண்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். பேட்டரி கொதிக்கிறது என்று சொல்வது இதைத்தான். உண்மையில் அது சூடேறிக் கொதிப்பதில்லை, வாயுக் குமிழி விடுவது.

எவ்வளவு வாயு? தேவைக்கு மேல் போகிற ஒவ்வொரு ஏஹெச்சுக்கும் ஒரு செல்லுக்குக் கிட்டத்தட்ட 0.45 லிட்டர் ஹைட்ரஜன். யுபிஎஸ் பேட்டரி நிரம்பிய பின்னும் 15 ஆம்ப் தொடர்ந்து போனால் ஆறு செல்லும் சேர்ந்து மணிக்கு 40 லிட்டர். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள மூடிய அலமாரி என்றால் அதில் 1,000 லிட்டர் காற்று. அதில் 4 சதவீதம் 40 லிட்டர். ஒரு மணி நேரம் போதும்.

நல்ல சார்ஜர் இங்கேதான் வேறுபடுகிறது. 14.4-ஐத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்து, கரண்ட் தானாகக் குறைய விடும். 4 ஆம்ப் ஒன்றாகும், பிறகு அரை ஆம்ப். அதன்பின் 13.6 வாக்கில் இறங்கி, தானாகக் கசிவதை மட்டும் ஈடுகட்டும். இதை மிதவை நிலை, ஃப்ளோட் என்பார்கள். மோசமான சார்ஜருக்கு இந்தப் படிகள் தெரியாது.

டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்

கனமான தகரப் பெட்டி, முன்னால் ஒரு ஆம்ப் மீட்டர், ஒரு ரோட்டரி ஸ்விட்ச், இரண்டு கிளிப். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் டையோடு பிரிட்ஜும் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. இதன் பலமும் பலவீனமும் அதுதான். பதினைந்து வருடம் உழைக்கும், கெட்டால் தெருமுனை எலக்ட்ரீஷியனே டையோடு மாற்றிவிடுவார். ‘காப்பர் வைண்டிங்கா?’ என்று கேட்டு வாங்குவது நியாயம்தான். அலுமினியம் சுற்று அதே வேலைக்கு அதிகம் சூடாகும்.

சிக்கல், மெயின்ஸ் (சுவர் பிளக்கில் வருகிற கரண்ட்) வோல்டேஜோடு அது சேர்ந்தாடுவது. சார்ஜர் தருவது 16 வோல்ட், பேட்டரி 14 வோல்ட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கிற 2 வோல்ட்தான் கரண்டைத் தள்ளுகிறது. நடுராத்திரி ஊரே ஏசியையும் மோட்டாரையும் அணைத்துவிட, மெயின்ஸ் 230-லிருந்து 253-க்கு ஏறுகிறது. பத்து சதவீதம்தான். ஆனால் 16 இப்போது 17.6 ஆகிவிட்டது. வித்தியாசம் 3.6. கரண்ட் கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடும். அதுவும் பேட்டரி நிரம்பி, நாம் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில். காலையில் பார்த்தால் பேட்டரியின் தலை ஈரமாக, மூடியைச் சுற்றி ஆசிட் பூத்திருக்கும்.

அப்படியானால் ஏன் இதை இன்னும் வாங்குகிறார்கள்? அடியோடு இறந்த பேட்டரிக்கு இதுதான் மருந்து. 4, 5 வோல்ட்டுக்கு விழுந்துவிட்ட பேட்டரியைப் பல தானியங்கி சார்ஜர்கள் ஏறெடுத்தும் பார்க்காது. பேட்டரியே இல்லை என்று முடிவு கட்டிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. மிகக் குறைந்த நிலையில் வைத்து ஒரு மணி நேரம் கொடுத்து, 11 வோல்ட் தாண்டியதும் தானியங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மல்டிமீட்டர் கையில் இருக்க வேண்டும், 14.4-ல் ஸ்விட்ச் அணைய வேண்டும். இந்த மூன்றும் முடியாதவர்கள் இதை வாங்காமலிருப்பது நல்லது. பேட்டரி காரிலேயே இணைந்திருக்கும்போது இதை மாட்டவே கூடாது. 15 வோல்ட்டுக்கு மேல் போனால் வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்குக் கேடு.

இன்னொன்றும் இருக்கிறது. கிளிப்பை மாற்றி மாட்டினால் இது தடுக்காது. டையோடு வழியே பேட்டரி ஷார்ட் ஆகும். பியூஸ் போனால் அதிர்ஷ்டம்.

தானியங்கி சார்ஜர், 4 அல்லது 5 ஆம்ப்

வீட்டுக் காருக்கு எங்கள் தீர்ப்பு இதுதான். பேட்டரியின் ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பழைய விதி, இன்றும் சரியான விதி. 40 ஏஹெச்சுக்கு 4 ஆம்ப். பாதி காலியானதை நிரப்ப 20 ஏஹெச் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் 24. நாலு ஆம்பில் ஆறு மணி நேரம், கடைசி மெதுநிலைக்கு இரண்டு மூன்று மணி நேரம். ராத்திரி மாட்டினால் காலையில் தயார். கரண்ட் பில்லில் இது அரை யூனிட்டுக்கும் கீழே. ‘10 ஆம்ப் வாங்குங்க சார், சீக்கிரம் ஏறும்’ என்பார்கள். முதல் பாதிதான் சீக்கிரம் ஏறும். கடைசிப் பகுதியை எந்தச் சார்ஜராலும் அவசரப்படுத்த முடியாது.

விலைதான் உறுத்தும். நல்லதாக வாங்கப்போனால் ஒரு புதுக் கார் பேட்டரியின் விலையில் பாதியைத் தாண்டுவதும் உண்டு. அந்த விலைக்கு நான்கு விஷயம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலாவது, கிளிப்பை மாற்றி மாட்டினாலும், இரண்டு கிளிப்பும் உரசிக்கொண்டாலும் பொறி வராத பாதுகாப்பு. இரண்டாவது, பேட்டரி வகைத் தேர்வு. தண்ணீர் ஊற்றும் சாதாப் பேட்டரிக்கும் ஏஜிஎம்முக்கும் (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த மூடிய வகை) 14.4-லிருந்து 14.8 வரை, ஆசிட் களிம்பாக இருக்கும் ஜெல் பேட்டரிக்கு 14.1 போதும். மூன்றாவது, கரண்ட் போய் வந்தால் தானே மறுபடி தொடங்குமா, பட்டனை அழுத்தக் காத்திருக்குமா? நம் ஊரில் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ராத்திரி பதினொன்றுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வந்த கரண்ட், காலை ஆறு மணி வரை சும்மா கிடந்த சார்ஜரைப் பார்த்துச் சிரிக்கும். நான்காவது, வெப்பத்துக்கேற்ற திருத்தம். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு 20 மில்லிவோல்ட் அளவில் மாற வேண்டும். டிசம்பர் இரவில் 16, ஏப்ரல் மதியத்தில் 34 என்பதுதான் இங்கே வீச்சு. ஆகவே பெங்களூரில் இது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

ஸ்கூட்டருக்கும் அதையே பயன்படுத்த நினைத்தால் கவனம். அதன் பேட்டரி 4, 5 ஏஹெச்தான். அதற்கு அரை ஆம்ப், மிஞ்சினால் ஒரு ஆம்ப். இருசக்கர வண்டி நிலை தனியாக இருக்கிற சார்ஜராகப் பாருங்கள். ‘ரிப்பேர்’ என்றொரு நிலையும் சிலவற்றில் உண்டு. அது வோல்டேஜை 15.5-க்கும் மேலே கொண்டுபோகும். பேட்டரியைக் காரிலிருந்து கழற்றாமல் அதைத் தொடாதீர்கள்.

கடையில் கொடுப்பது

பேஸ்மென்டில் பிளக் பாயின்ட்டே இல்லை, அசோசியேஷன் செகரட்டரி சம்மதிக்க மாட்டார், மூன்றாவது மாடியிலிருந்து ஒயர் இழுப்பது நடக்காத காரியம் என்பவர்களுக்கு இதுதான் வழி. கார் பேட்டரி பத்துப் பதினோரு கிலோ, தூக்கிவிடலாம். ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் தருகிறோம் என்றால் அது 20, 30 ஆம்பில் அடிக்கிற பூஸ்ட். தட்டின் மேல்தோல்தான் நிரம்பும். வண்டி அன்றைக்குக் கிளம்பும், நாலாம் நாள் பழைய டக் டக். இரண்டாவது, ஐந்தாறு பேட்டரிகளை வரிசையாகக் கோத்து ஒரே சார்ஜரில் போடுவது. வரிசையில் போனால் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட். பாதி நிரம்பியிருந்த உங்கள் பேட்டரி சீக்கிரமே நிரம்பி, பக்கத்தில் இருக்கும் காலிப் பேட்டரிக்காக ராத்திரி முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். ‘தனியாப் போடுங்கண்ணா, நாலு ஆம்புல, நாளைக்குச் சாயங்காலம் வாங்கிக்கிறேன்’ என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

யுபிஎஸ் பேட்டரிக்குத் தனிச் சார்ஜர் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி (குழாய் வடிவத் தட்டுள்ள, தண்ணீர் ஊற்றும் வகை) ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் வரும், அசையாது. யுபிஎஸ்ஸின் உள்ளேயே 10 முதல் 15 ஆம்ப் சார்ஜர் இருக்கிறது. கோளாறு பல வீடுகளில் பின்பக்கத்து ஸ்விட்சில் இருக்கிறது. டியூபுலர் பேட்டரி வைத்துக்கொண்டு ஸ்விட்ச் எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரி) பக்கம் இருந்தால் வோல்டேஜ் குறைவாகவே நிற்கும். பேட்டரி முழுசாக ஏறாமல், அடர்ந்த ஆசிட் கீழே தங்கி, அடித்தட்டில் சல்பேட் கெட்டிப்படும். நேர்மாறாக இருந்தால் தண்ணீர் வற்றும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சரி. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் சார்ஜிங் அதிகம். மெயின்ஸ் இருக்கும்போது, நிரம்பிய மறுநாள் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 13.5-க்கும் 13.8-க்கும் இடையில் காட்ட வேண்டும். நாள் கணக்கில் 14.5-லேயே நின்றால் போர்டு பழுது.

டிஸ்டில்டு வாட்டர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். ஆர்ஓ தண்ணீரும் காவேரித் தண்ணீரும் ஆகாது. அடர்த்தி குறைகிறதே என்று ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். ஊற்றும் நேரமும் முக்கியம். தட்டு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றிவிட்டு, சார்ஜ் முடிந்த பிறகு குறி வரை நிரப்ப வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜில் மட்டம் உயர்ந்து வழியும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பல டியூபுலர் பேட்டரிகளில் நிரம்பியபோது 1.240 காட்டும், லேபிளில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்சார்ஜர் கெட்டு, யுபிஎஸ் ரிப்பேருக்குப் போயிருந்தால் மட்டும் 15 ஆம்ப் தானியங்கி உதவும். கார் சார்ஜரின் 5 ஆம்பில் அது முப்பது மணி நேரம் இழுக்கும், அடியாசிட்டும் கலங்காது. யுபிஎஸ்ஸில் கார் பேட்டரியை மாட்டிச் சார்ஜ் பண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 35 ஏஹெச்சுக்கு 15 ஆம்ப் என்பது அளவுக்கு நாலு மடங்கு. வேண்டாம்.

எங்கே வைப்பது, எந்த ஒயர்

நம் வீடுகளில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இடம் மிச்சம் என்று பூஜை அலமாரிக்குக் கீழே யுபிஎஸ் பேட்டரி. ஹைட்ரஜன் காற்றைவிடப் பல மடங்கு லேசு, நேரே மேலே போகும். மேலே காமாட்சி விளக்கு. கதவில்லாத திறந்த இடமாக, விளக்கிலிருந்தும் கேஸ் அடுப்பிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். அலமாரிதான் என்றால் அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளை இருக்க வேண்டும். ஆயுத பூஜையன்று காருக்குச் சூடம் காட்டும்போதும் பானெட்டை மூடிவிட்டுக் காட்டுங்கள். முந்தின ராத்திரி சார்ஜ் போட்டவர்கள் முக்கியமாக.

சார்ஜரைப் பேட்டரியின் தலைமேல் வைக்காதீர்கள். வாயுவும் ஆசிட் ஆவியும் நேராக அதனுள் போகும். அரை மீட்டராவது தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். பேஸ்மென்டில் என்றால் தரையிலும் வேண்டாம். 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலைப் பக்கம் பேஸ்மென்ட்கள் மூழ்கியது நினைவிருக்கும். சுவரில் இடுப்புயரத்தில் மாட்டலாம்.

5 ஆம்ப் சார்ஜர் மெயின்ஸிலிருந்து நூறு வாட்டுக்குள்தான் எடுக்கும், 6 ஆம்ப் சாக்கெட் தாராளம். ஆனால் எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட், பின்னால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ஸ்விட்ச்). தூரம் போதவில்லை என்றால் மெயின்ஸ் பக்கத்து ஒயரை நீட்டுங்கள், கிளிப் ஒயரை அல்ல. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மூன்று மீட்டர் போய் வந்தால் 5 ஆம்பில் 0.36 வோல்ட் வழியிலேயே தொலையும். சார்ஜர் 14.4 என்று நினைக்கும். பேட்டரிக்குக் கிடைப்பது 14.04. முன்கூட்டியே மெதுநிலைக்குப் போய், இரவு முழுக்க இழுத்தடிக்கும்.

அடிக்கடி போடுபவர்கள் வளைய முனையுள்ள ஒயரைப் பேட்டரியில் நிரந்தரமாக முடுக்கிவிடலாம். அப்போது பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 ஆம்ப் பியூஸ் கட்டாயம். 15 ஆம்ப் சார்ஜருக்கு 20. ஷார்ட் ஆனால் ஆபத்து சார்ஜரிலிருந்து வருவதில்லை. நூற்றுக்கணக்கான ஆம்பைக் கண் இமைக்கும் நேரத்தில் கொட்டுவது பேட்டரிதான், அதனால் பியூஸ் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாட்டும் வரிசை

மோதிரம், வளையல், தொங்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் ஒரு தேய். மங்கிய ஈயம் பளிச்சென்று வரும். கிளிப்பின் பல் அந்தப் பளிச்சில் கடிக்க வேண்டும், பூஞ்சணத்தில் அல்ல.

சார்ஜரின் ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும். முதலில் சிவப்புக் கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்புக் கிளிப். காரில் என்றால் பேட்டரியின் மைனஸில் வேண்டாம், ஓரடிக்கு மேல் தள்ளி இன்ஜினிலோ பாடியிலோ பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். பொறி வந்தாலும் வாயு இருக்கிற இடத்தில் வராது. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் மைனஸ் முனையிலேயே சென்சார் இருக்கும். பாடியில் மாட்டினால்தான் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வரும். கடைசியாக மெயின்ஸ் ஸ்விட்ச். கழற்றுவது இதற்கு நேர் தலைகீழ்: மெயின்ஸ், கறுப்பு, சிவப்பு.

ஆசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டர். தரையில் சிந்தியதற்கு ஆப்ப சோடா; நுரைப்பது நிற்கும்வரை தூவுங்கள். கண்ணுக்குச் சோடா கிடையாது, தண்ணீர் மட்டும்.

சார்ஜ் ஏறியதா, பேட்டரியே போய்விட்டதா?

சார்ஜரின் பச்சை விளக்கையும் நம்பாதீர்கள், எஸ்எம்எஃப் பேட்டரியின் பச்சைக் கண்ணையும் நம்பாதீர்கள். அந்தக் கண் ஆறில் ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. சார்ஜரைக் கழற்றி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் கார் கதவைத் திறக்கும் முன் அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்.

10.5-ல் வந்து நின்றால் ஒரு செல் ஷார்ட்; மீதி ஐந்து செல் தலைக்கு 2.1 காட்டுகின்றன, அவ்வளவுதான். தானியங்கி சார்ஜர் இதற்குச் சிவப்பு விளக்கு போட்டுவிட்டு ஒதுங்கும். டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரோ, ஐந்து செல்லை ஆறு செல்லின் வோல்டேஜில் வாட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரியின் பக்கச்சுவர் கை வைக்க முடியாத சூடாகி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மூடியைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள். சுவரில் இருக்கிற மெயின்ஸ் ஸ்விட்சை அணையுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆறும்வரை யாரும் பக்கத்தில் போக வேண்டாம். அதன்பிறகு அந்தப் பேட்டரியைப் பழசுக்குப் புதுசு எடுக்கும் கடையில் கொடுத்துவிடலாம். சார்ஜருக்கு வைத்திருந்த காசைப் புதுப் பேட்டரியில் போடுங்கள்.